யாருக்குப் பதில் சொல்லப் படிக்கிறோம்?

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் 'இந்த ஆண்டு நான் படித்த புத்தகங்கள்' பட்டியல்கள் குவியத் தொடங்கிவிடும். ஒருவர் 52, இன்னொருவர் 75, அசராமல் 100 தொட்டவர்களும் உண்டு. வாசிப்புச் செயலிகள் ஜனவரியிலேயே ஓர் இலக்கைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. பிறகு ஆண்டு முழுக்க 'இரண்டு புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்' என்று நினைவூட்டல் வரும். வாசிப்பை மேம்படுத்துவது என்றால் இன்றைக்குப் பெரும்பாலும் இந்த எண்ணைக் கூட்டுவதுதான்.

இந்தக் குறிப்பு அந்தப் பழக்கத்தைப் பற்றிய ஒரு விமர்சனம். வாசிப்பை எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் வேறு மாதிரியான பதில்கள் இருந்திருக்கின்றன. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு பெங்களூரு கம்பெனிக்குக் கோடு எழுதும் ஆள் நான். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அந்தப் பதில்களில் மூன்று கிடைக்கின்றன. அவற்றிலும் குறைகள் உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில் கணக்கு

வேலை, குடும்பம், போன் எல்லாம் போக ஒரு நாளைக்கு 20 பக்கம் கவனமாகப் படிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,300 பக்கம். புத்தகத்துக்குச் சராசரி 300 பக்கம் என்றால் சுமார் 24 புத்தகம். என் வயது ஆட்கள் இன்னும் 30 வருடம் கண் நன்றாக இருந்து படித்தால் மொத்தம் 730 புத்தகம். அவ்வளவுதான்! ஒரு நடுத்தரமான புத்தகக் கடையில் நான்கைந்து அலமாரிக்குள் அடங்கிவிடும்.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் 1,460. அதுவும் கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆகவே எண்ணிக்கையை நீட்டி இந்தப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது. எதைப் படிப்பது, படித்தது எங்கே தங்குகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

எங்கள் தொழிலில் இது பழைய பாடம். ஒரு புரோகிராமர் எத்தனை வரி எழுதினார் என்று எண்ணி அவர் திறமையை அளந்தால், பத்து வரியில் முடிகிற வேலையை நாற்பது வரியில் எழுதுவார். பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பெயரில் ஒரு விதியே உண்டு: ஓர் அளவுகோலை இலக்காக வைத்த நாளிலிருந்து அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை. 52 என்று இலக்கு வைத்தவர் அக்டோபரில் பின்தங்கினால் என்ன செய்வார்? மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுப்பார். கம்பராமாயணத்தையோ பத்துப்பாட்டையோ கையில் எடுக்கவே மாட்டார், அது பட்டியலில் ஒரே ஒரு வரியாகத்தானே ஏறும்!

கும்பகோணத்தில் ஒரு கேள்வி

செட்டிநாட்டுக்குள் நுழையும் முன் ஒரு எட்டு கும்பகோணம் போய் வரவேண்டும். எண்ணிக்கைக்கும் வாசிப்புக்கும் உள்ள தூரத்தைக் காட்ட இதைவிடப் பொருத்தமான சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன உ.வே. சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயரும் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் இல்லையா, பட்டியல் சாதாரணமாக இருக்காது. முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரி கேட்டுவிடுகிறார். பிறகு சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். அந்த நூல்கள் ஐயர் கைக்கு அதுவரை வந்ததே இல்லை.

'என் சரித்திர'த்தில் வரும் இந்தச் சந்திப்பைத் தமிழின் தலைவிதி மாறிய நாளாகத்தான் மேடைகளில் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் ஒரு வாசகரின் பழக்கம் மாறிய நாள் என்றும் இதை வாசிக்கலாம், அந்தக் கோணம் அதிகம் பேசப்படவில்லை. எண்ணிக்கைப் போட்டி வைத்திருந்தால் 1880-லேயே ஐயர் எல்லோரையும் தோற்கடித்திருப்பார். படிப்பின் அளவில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. படித்ததைப் பற்றி அவர் எதிர்பாராத கேள்வியை வெளியிலிருந்து ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். முதலியார் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்து, தனக்குப் பாடம் சொல்லவேண்டும் என்றார். அதாவது ஐயர் படித்தால் மட்டும் போதாது, கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து அதை விளக்கியாக வேண்டும். நச்சினார்க்கினியர் உரையில் புரியாத சமண சமயச் செய்திகளுக்காகக் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழு வருடம் கழித்து 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898.

ஏழு வருடத்தில் ஒரு புத்தகம்! எந்தச் செயலியும் 'பின்தங்கிவிட்டீர்கள்' என்றுதான் சொல்லியிருக்கும்.

'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940-ல். அதே 1940-ல் அமெரிக்காவில் மார்ட்டிமர் ஆட்லர் எழுதிய, எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரும் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. எந்தப் புத்தகத்திடமும் கேட்கவேண்டிய நான்கு கேள்விகளை ஆட்லர் அதில் தருகிறார்: மொத்தத்தில் எதைப் பற்றியது, அதை எப்படி விரித்துச் சொல்கிறது, சொன்னது உண்மையா, உண்மை என்றால் அதனால் என்ன. அந்த நாலாவது கேள்வியைத்தான் முதலியார் அறுபது வருடம் முன்பே கேட்டார். ஒரு வித்தியாசம் உண்டு. ஆட்லரில் வாசகர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டும். கும்பகோணத்தில் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். நம்மை நாமே கேட்கும்போது மழுப்பிவிடலாம். எதிரே ஆள் இருந்தால் முடியாது.

மேலைச்சிவபுரி: பள்ளிக்கூடம் போகாதவர் வைத்த சபை

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் இதுதான் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டியில் 1881-ல் பிறந்தவர் கதிரேசஞ் செட்டியார். பண்டிதமணி என்றால்தான் பலருக்குத் தெரியும். திண்ணைப் பள்ளியில் சில மாதம் படித்ததுதான் அவருடைய முறையான கல்வி. காலில் ஊனம், ஊன்றுகோலோடுதான் நடை. எல்லாச் செட்டிநாட்டுப் பையன்களையும் போல அவரையும் சின்ன வயதிலேயே கடல் கடந்து இலங்கைக்கு வேலைக்கு அனுப்பினார்கள்.

இந்த ஆள்தான் பிற்பாடு சமஸ்கிருதம் கற்று மிருச்சகடிகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார், கௌடிலீயத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், திருவாசகப் பகுதிகளுக்கு உரை எழுதினார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1942-ல் மகாமகோபாத்தியாயப் பட்டமும் பெற்றார்.

தன்னம்பிக்கைப் புத்தகம் எழுதுகிறவர் கையில் இந்தக் கதை கிடைத்தால் 'விடாமுயற்சி' என்று தலைப்புப் போட்டு முடித்துவிடுவார். எனக்கு அது போதவில்லை. விடாமுயற்சி உள்ளவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பண்டிதமணி 1909-ல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபையைத் தொடங்க முன்நின்றார் என்பதுதான் நான் நின்று பார்க்கும் இடம். அப்போது அவருக்கு 28 வயது. முழுப் புலவராகிவிட்டு அதன்பின் சபை வைக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே நாலு பேர் கூடுகிற, புலவர்கள் வந்துபோகிற, கேள்வி எழுகிற இடத்தை உண்டாக்கிக்கொண்டார். பட்டம் இல்லாத ஒருவருக்கு இது பெரிய பாதுகாப்பு. தனியாகப் படிப்பவர் எங்கே வழி தவறுகிறார் என்று சொல்ல ஆள் இருக்காது. சபை இருந்தால் சொல்லிவிடும்.

அந்தச் சங்கிலி அவரோடு நிற்கவும் இல்லை. மேலைச்சிவபுரியில் பிறந்து, பர்மாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு இளைஞரைத் தமிழ்ப் படிப்பின் பக்கம் திருப்பியதும் பண்டிதமணிதான். அவர் வ.சுப. மாணிக்கம், பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

காரைக்குடி: கூடிப் படித்தலும் கூடிக் கேட்டலும்

காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917-ல் தொடங்கியது. 1919-ல் பாரதியார் இங்கே வந்தபோது அதைப் பாடியிருக்கிறார். கையில் கோலோடு நிற்கும் பாரதியின் புகழ்பெற்ற போட்டோ எடுக்கப்பட்டதும் அந்தப் பயணத்தில்தான். 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'கம்பன் அடிப்பொடி'. ஆண்டுதோறும் பங்குனி மாதம் மகம், பூரம், உத்திரம் நாட்களில் காரைக்குடியில் விழா, அத்தத்தன்று கம்பன் சமாதி இருப்பதாக நம்பப்படும் நாட்டரசன்கோட்டையில் நிறைவு. குறித்த நிமிடத்தில் தொடங்கிக் குறித்த நிமிடத்தில் முடிக்கும் கணேசனின் கண்டிப்பு இன்றைக்கும் ஊர்ப்பேச்சில் இருக்கிறது.

வாசிப்புப் பழக்கம் என்ற கண்ணால் பார்த்தால் இதில் மூன்று நல்ல விஷயம் தெரிகிறது. ஒரே நூல், மாறாத நாள், கூடி உட்காரும் ஆட்கள். கம்பனில் பாட்டுகள் பத்தாயிரத்துக்கு மேல். தனி ஆள் அதைத் தொடங்கினால் பால காண்டத்தின் பாதியில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். அடுத்த பங்குனியில் கும்பகருணன் வதைப் படலம் பற்றிப் பேசவேண்டும் என்று ஒருவருக்குத் தலைப்புக் கொடுத்துவிட்டால் அவர் அந்தப் படலத்தை விட்டு அசையமாட்டார்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். இன்றைய பட்டிமன்றத்தின் பிறப்பிடமாகப் பலரும் சொல்வது இதே கம்பன் கழக மேடையைத்தான். கணேசன் காலத்துப் பட்டிமண்டபத்தின் நோக்கம் நூலுக்குள் போவது. ஒரு பாத்திரத்தை இரண்டு தரப்பும் பாட்டை வைத்தே வாதாடவேண்டும், நடுவர் பாட்டை வைத்தே தீர்ப்புச் சொல்லவேண்டும். பிறகு அது ஊர் ஊராகப் போனது, டிவிக்கும் போனது. இப்போது பண்டிகை நாள் காலையில் நாம் பார்ப்பதில் நூலே கிடையாது. நூல் இருக்கும் மேடைகளிலும் அதே சில பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கம்பனைக் கேட்டவர்கள் பெருகினார்கள், அந்த அளவுக்குப் படித்தவர்கள் பெருகவில்லை.

ஏன் இப்படி ஆனது? கேட்கிறவர் கையில் புத்தகம் இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முதலியார் கையில் பிரதி இருந்தது. ஐயர் ஒரு சொல்லைத் தாண்டிப் போனால் 'இதற்கு என்ன பொருள்?' என்று நிறுத்தியிருக்க முடியும். பட்டிமன்றக் கூட்டத்தால் அது முடியாது. கூட்டம் கைதட்டும், அல்லது தட்டாது. பேச்சாளரும் அதற்குத் தகுந்தபடி படிக்கத் தொடங்குகிறார். எங்கே கைதட்டல் விழும் என்று தேடிக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவதும் ஒருவகை எண்ணிக்கைப் பழக்கமே. ஆண்டிறுதிப் பட்டியலுக்கு விழும் லைக்கும் இதே ரகம்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பையும் நினைக்கவேண்டும். 1943-ல் கம்பராமாயணத்தை எரிக்கலாமா என்ற விவாதம் எழுந்தபோது அண்ணா ஒரு பக்கமும், ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மறுபக்கமும் மேடை ஏறினார்கள். அந்த உரைகள் 'தீ பரவட்டும்' என்று புத்தகமாகவும் வந்தன. எந்தப் பக்கம் சரி என்பது இங்கே நம் வேலை இல்லை. கம்பனைத் தாக்கவேண்டும் என்றாலும் கம்பனைப் படித்தாகவேண்டியிருந்தது. எதிரே நின்றவர்கள் நூலைக் கரைத்துக் குடித்தவர்கள், ஒரு பாட்டைத் தப்பாகச் சொன்னால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். கைதட்டலுக்கும் கேள்விக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கோட்டையூர்: படிப்பதற்காகச் சேர்க்காதவர்

மூன்றாவது ஆள் என் வாதத்துக்கு அவ்வளவு எளிதில் அடங்கமாட்டார். அதனால்தான் அவரைச் சேர்த்திருக்கிறேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் ரோஜா முத்தையா 1950-களில் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார். நூல்களோடு நிற்கவில்லை. பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், துண்டுத்தாள்கள் என்று அச்சான எதையும் விடவில்லை. 1992-ல் அவர் இறந்தபோது சேகரிப்பு சுமார் ஒரு லட்சத்தைத் தொட்டிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அமெரிக்காவுக்குக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்து, 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆக்கியது. 1996-ல் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். இப்போது தரமணியில் இருக்கிறது.

ஒரு லட்சத்தையும் ஒருவர் படித்திருக்க முடியாது. நம் கணக்குப்படி ஒரு ஆயுளுக்கு 730, நினைவிருக்கிறதா? அப்படியானால் இவரும் எண்ணிக்கைக்காரர்தானா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. ரோஜா முத்தையா சேர்த்தது அந்த யாரோ ஒரு வாசகருக்காக. அவர் இருந்தபோதே ஆய்வாளர்கள் கோட்டையூர் வீட்டைத் தேடி வந்தார்கள். ஒரு நாடக நோட்டீஸை அவர் வரிவரியாகப் படித்தாரா என்பது கேள்வி அல்ல. 'அந்தக் காலத்து நாடக நோட்டீஸ் இருக்கிறதா?' என்று ஒருவர் கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிந்ததா என்பதுதான் கேள்வி. இதுவும் பதில் சொல்லவேண்டிய பொறுப்புத்தான், வேறு மாதிரிப் பொறுப்பு.

உம்பர்ட்டோ எக்கோவின் வீட்டு நூலகத்தைக் காட்டி, படிக்காத புத்தகங்களுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று ஒரு வாதம் சில வருடங்களாக இணையத்தில் ஓடுகிறது. புத்தகக் கண்காட்சியில் மூட்டை மூட்டையாக வாங்குகிறவர்களுக்கு ரொம்ப ஆறுதலான வாதம். ஆனால் எக்கோவும் சரி, ரோஜா முத்தையாவும் சரி, தேவைப்பட்டபோது தேவையானதை எடுக்கத் தெரிந்தவர்கள். தேடி எடுக்க வழியில்லாத சேமிப்பை எங்கள் தொழிலில் கேலியாக 'எழுத மட்டும் முடிகிற மெமரி' என்போம். தகவல் உள்ளே போகும், திரும்பி வராது. என் கிண்டிலில் இருக்கும் பாதி அந்த ரகம்தான். உங்களுடையது எப்படி?

அலமாரியும் பங்காளிகளும்

இதெல்லாம் எனக்கு வெறும் ஆராய்ச்சியாக இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் வீட்டில் பதினோரு பங்கு. பட்டாசாலையை அடுத்த அறையில் ஐயா (எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வைத்துவிட்டுப் போன அலமாரிகள் மூன்று. தேக்கு அலமாரியைக் கேட்க ஆள் இருக்கிறது, முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டே போய்விட்டார்கள். உள்ளே இருப்பதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. அது எடைக்குப் போகும். வருகிற ஆடிக்குள் முடிவு சொல்லுங்கள் என்று பங்காளிகள் கேட்டிருக்கிறார்கள்.

செட்டிநாட்டில் நூற்றுக்கணக்கான வீடுகளில் இதே நிலைமைதான். இந்த வட்டாரத்தில் படிப்பும் பதிப்பும் வியாபாரத்தோடு சேர்ந்தே வளர்ந்தவை. பர்மாவில் வேலை பார்த்துத் திரும்பிய இராயவரத்துக்காரர் வை. கோவிந்தன் 'சக்தி' பத்திரிகையும் மலிவுப் பதிப்புகளும் கொண்டுவந்தார். தேவகோட்டையிலிருந்து போன சின்ன அண்ணாமலை, வானதி திருநாவுக்கரசு போன்றவர்கள் சென்னையில் பதிப்பகம் நடத்தினார்கள். அவர்கள் அச்சிட்டவை ஊர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. இப்போது வீடு பூட்டியிருக்கிறது, கரையானுக்கு மட்டும் வாசிப்புப் பழக்கம் குறையவில்லை.

எல்லாவற்றையும் என் காரைக்குடி வீட்டுக்குத் தூக்கிவர இடமில்லை. எதை வைப்பது? மேலே சொன்ன மூன்று பேரையும் வைத்துத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இப்போது ஒரு கேள்வி இருந்து, அதற்குப் பதில் சொல்லக்கூடிய நூல் என்றால் எனக்கு. வேறு யாராவது என்றைக்காவது தேடி வரக்கூடியது, அதாவது நோட்டீஸ், உள்ளூர் மலர், விழா அழைப்பிதழ், பழைய பத்திரிகை எல்லாம் ஆவண நூலகத்துக்கு. எங்கும் கிடைக்கிற மறுபதிப்பு என்றால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு. இதுவரை ஒன்றரை அலமாரி முடிந்திருக்கிறது. வழக்கமாக முதலில் எடைக்குப் போவது அந்த இரண்டாம் வகைத் துண்டுத்தாள்கள்தான், அதனால் அதை முதலில் பிரித்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அலமாரி இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

நான் செய்வது

கடைசியாக நடைமுறை. இரண்டு வருடமாக ஓடுகிறது, இன்னும் நிற்கவில்லை என்பதால் சொல்கிறேன்.

ஒன்று, கேள்வியை முதலில் எழுதுவது. அந்த அலமாரியில் ஐயாவின் பேரேடுகளும் இருந்தன. வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், ஆண்டு முடிந்தால் ஐந்தொகை. அதே மாதிரி ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கம் புத்தகத்தைத் திறக்கும் முன்பு என் கேள்வி, வலது பக்கம் கிடைத்த பதிலும் பக்க எண்ணும். வலது பக்கம் காலியாகவே இருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம், பாதியில் நிறுத்தினோமே என்ற உறுத்தல் வேண்டாம். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் 90,000 குறிப்பட்டைகள் எழுதினார் என்று படித்துவிட்டு அதற்கென்று ஒரு செயலி வாங்கி, அதை அலங்கரிப்பதிலேயே ஒரு மாதம் போக்குகிறவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. நோட்டு போதும்.

இரண்டு, ஒரு பெரிய நூல், சின்ன அளவு. நான் எடுத்துக்கொண்டது கம்பன், நாளைக்குப் பத்துப் பாட்டு. மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். மர்ரே எஸ். ராஜம் பதிப்பு 1950-களிலேயே நம்மைப் போன்ற ஆட்களை நினைத்துச் சந்தி பிரித்து அச்சிடப்பட்டது. தமிழ் முறையாகப் படிக்காத பி.இ.காரனுக்கும் அது திறக்கிறது.

மூன்று, கையில் பிரதி வைத்திருக்கும் ஒரு ஆள். இதுதான் முக்கியம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு மாலை அரை மணி நேரம் அவர் வீட்டுத் திண்ணையில். அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "என்ன தம்பி, இந்த வாரம் புதுசா என்ன பாத்தீக?" ஒருமுறை "ஒண்ணும் புதுசா இல்லீங்க சார்" என்றேன். "பாட்டுல இல்லாமப் போகாது. நீங்க எதையும் தேடாமப் போயிருப்பீக. திரும்பப் போயிட்டு வாங்க" என்று காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். போய் வந்தேன். அந்த எழுபது பாட்டில் இருபதாவது மறுபடி படித்தபோதுதான் திறந்தது.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. வாசிப்பு சந்தோஷத்துக்காக இல்லையா, எல்லாவற்றையும் பரீட்சை ஆக்கவேண்டுமா? வேண்டாம். ராத்திரி தூங்கும் முன் படிக்கிற துப்பறியும் நாவலுக்கு நான் நோட்டு போடுவதில்லை. யாருக்கும் பதில் சொல்லவேண்டாத வாசிப்பும் ஒரு சுகம், இருக்கட்டும். அதை எண்ணிக்கையில் சேர்த்துப் பெருமைப்படவோ, குறைந்துவிட்டது என்று வருத்தப்படவோ மட்டும் தேவையில்லை.

தெருவில் தமிழாசிரியர் இல்லாதவர்கள் என்ன செய்வது? அதே நூலை அதே வாரம் படிக்கச் சம்மதிக்கிற ஒரு நண்பர் போதும், போனிலேயே பேசலாம். ஐந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அதற்கு மேல் போனால் மெல்ல மெல்ல அது மேடையாகிவிடும், கைதட்டல் வந்துவிடும். ஆள் கிடைத்ததும் முதல் வாரமே ஒரு கேள்வியை எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் அதை உங்களிடம் அவர் திருப்பிக் கேட்கட்டும்.